செம்பச்சை: கடலூர் மாவட்டத்தில் கட்சி கிடைக்காத ஒரு கொள்கை

கடலூர் சிப்காட்டை ஒட்டிய ஊர்களில் 2004 வாக்கில் ஒரு புதுமையான கணக்கு எழுதத் தொடங்கினார்கள். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு போல இது வாடைக் கணக்கு. இன்ன தேதி, இத்தனை மணி, காற்று இன்ன திசை, வந்த வாடை இன்னது. வாடைக்குப் பெயர் சொல்வதில்தான் சிரமம். வேதிப்பொருளின் பெயர் ஆலைக்காரருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. ஆகவே தங்களுக்குத் தெரிந்த பொருள்களைக் கொண்டே பெயர் வைத்தார்கள்: அழுகிய முட்டைக்கோஸ், நகப்பூச்சு, பிணவாடை. பிளாஸ்டிக் வாளிக்குள் பையைப் பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பவும் கற்றுக்கொண்டார்கள். கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் 1990களில் கையாண்ட முறை அது.

இந்த வாடைக் கணக்கை ஓர் அரசியல் ஆவணமாகவே நான் படிக்கிறேன். ஆலைக்குள் என்ன செய்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை ஆலைக்கு வெளியே இருப்பவனுக்கும் உண்டு என்று அது சொல்கிறது. இது தொழிலாளர் சங்கத்தின் பழைய கோரிக்கைப் பட்டியலில் இல்லாதது. மரம் நடுவோர் சங்கத்தின் பட்டியலிலும் இல்லாதது. சிவப்பும் பச்சையும் கலந்த இடம் என்று ஒன்று இருந்தால் அது இப்படித்தான் இருக்கும். அதைச் செம்பச்சை என்று வைத்துக்கொள்வோம். கடலூரிலிருந்து சிதம்பரம் வரையிலான இந்த நாற்பது சொச்சம் கிலோமீட்டரில் அதற்கான காரணங்கள் எல்லாமே இருக்கின்றன. சின்னம் ஒன்றுதான் இல்லை.

உலகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1972இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மானியாவிலும் நியூசிலாந்திலும் முதல் பசுமைக் கட்சிகள் தோன்றின. 1980 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் கூடிய பசுமைக் கட்சி நான்கு தூண்களை அறிவித்தது: சூழலியல், சமூக நீதி, அடித்தள ஜனநாயகம், வன்முறையின்மை. 1983இலேயே நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. நெதர்லாந்தில் கம்யூனிஸ்டுகள் உட்பட நான்கு சிறு கட்சிகள் சேர்ந்து 'பசுமை இடது' ஆயின. ஐஸ்லாந்தில் 1999இல் பிறந்த இடது பசுமை இயக்கம் 2017இல் பிரதமர் பதவியையே பிடித்தது. வலதுசாரிகளோடு கூட்டணி ஆட்சி நடத்திவிட்டு 2024 தேர்தலில் ஓர் இடம்கூட இல்லாமல் போனது. இடதுசாரி மரபுக்குள்ளேயே இதற்கு வேர் உண்டு. முதலாளிய வேளாண்மை உழைப்பவனின் உடலையும் மண்ணின் சத்தையும் ஒருசேர உறிஞ்சுகிறது என்ற கருத்தை மார்க்ஸ் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் பாகத்திலேயே சொல்லிவிட்டார். பின்னால் வந்த கட்சிகள் உடலைப் பிடித்துக்கொண்டு மண்ணை விட்டுவிட்டன.

தமிழகத்தில் பச்சை அரசியலைத் தேர்தலுக்குக் கொண்டுவந்தவர்கள் கூடங்குளம் அணு உலையை எதிர்த்தவர்கள். சுப. உதயகுமார், மை.பா. சேசுராசு, புஷ்பராயன் ஆகியோர் 2014இல் ஆம் ஆத்மி கட்சி வேட்பாளர்களாக மூன்று நாடாளுமன்றத் தொகுதிகளில் நின்று தோற்றார்கள். உதயகுமார் பிறகு 'பச்சைத் தமிழகம்' என்று தனிக்கட்சியே கண்டார். அதுவும் வாக்காகவில்லை. இடிந்தகரைப் பந்தலில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவர்கள்கூட வாக்குச்சாவடியில் வேறு பொத்தானை அழுத்தினார்கள் என்றால், அதை ஏமாற்று என்றோ அறியாமை என்றோ தள்ளிவிட முடியாது. போராட்டம் ஒரு கேள்வியோடு நிற்கலாம். கட்சிக்கு ரேஷன், கூலி, சாதி, கடன், கல்லூரி எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். ஒற்றைக் கேள்விக் கட்சியை மக்கள் மதிப்பார்கள். வாக்கு வேறு கணக்கு.

சரி, கடலூருக்கு வருவோம்.

சிப்காட் இங்கே 1980களில் வந்தது. சாயம், பூச்சிமருந்து, மருந்து மூலப்பொருள் என்று வேதி ஆலைகளே பெரும்பாலும். கழிவு உப்பனாற்றில் போனது, மீன் போனது, குடிநீர் போனது. ஓய்வுபெற்ற நீதிபதி ஜே. கனகராஜின் மக்கள் தீர்ப்பாய அறிக்கை 2003இல் வந்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றத்தின் அபாயக் கழிவுக் கண்காணிப்புக் குழு நேரில் வந்து பார்த்தது. சிப்காட் காற்றை ஆராய்ந்த நீரி நிறுவனம், இங்கே வாழ்வோருக்கு வாழ்நாள் புற்றுநோய் அபாயம் குறைந்தது 2,000 மடங்கு கூடுதல் என்று கணித்தது. 2021 மே மாதம் ஒரு பூச்சிமருந்து ஆலையில் வெடி விபத்து. 4 பேர் செத்தார்கள்.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளியே வாடைக் கணக்கு எழுதும் வீட்டிலிருந்தே ஒருவர் உள்ளே வேலைக்குப் போகிறார், அதுவும் ஒப்பந்தக்காரரின் ஆளாக. ஆலையை மூடச் சொன்னால் அவர் கூலி போகும். மூடாதே என்றால் அவர் பிள்ளையின் மூச்சு போகும். சங்கம் உள்ளே நிற்கிறது, ஊர் வெளியே நிற்கிறது, நடுவில் வாசல். அந்த வாசலைத் தாண்டிப் பேசுகிற ஒரே கோரிக்கை வாடைக் கணக்குக்காரர்கள் கேட்டதுதான்: உள்ளே என்ன இருக்கிறதென்று எங்களிடம் சொல். உள்ளே வேலை செய்பவனுக்கும் அதே பதில்தான் வேண்டும். விபத்தில் முதலில் சாகிறவன் அவன்தானே.

சிப்காட் சிறு ஏடு என்றால் நெய்வேலி பெரிய புத்தகம்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டப்போய்க் கரும்பொருளைக் கண்டார் என்பது பள்ளிக்கூடப் பாடம். 1956இல் என்எல்சி நிறுவனம், 1957இல் நேரு வந்து சுரங்கத் தொடக்கம், 1962இல் சோவியத் உதவியோடு முதல் அனல் மின் நிலையம். அந்தத் தலைமுறை இடதுசாரிக்கு நெய்வேலி ஒரு புனிதத் தலம் போல. பொதுத்துறை, சோவியத் தோழமை, தொழிலாளர் குடியிருப்பு, சங்கம், போனஸ் எல்லாம் ஒரே ஊரில். 2013இல் மத்திய அரசு அதன் 5 விழுக்காட்டுப் பங்கை விற்க முனைந்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைசியில் விற்ற பங்குகளைத் தமிழக அரசின் நிறுவனங்களே வாங்கின. தனியாருக்குப் போகாமல் தடுத்தது நியாயமான வெற்றிதான். ஆனால் கரி யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்விதான் அன்று எழுந்தது. கரியே எத்தனை நாளைக்கு என்ற கேள்வி எழவில்லை.

நிலத்தடியில் நடப்பது இது. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரூற்று இருக்கிறது. அந்த நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே கரி வெட்ட முடியும். விட்டால் சுரங்கம் மூழ்கும். ஒரு காலத்தில் துளை போட்டதும் தானாகப் பொங்கிய நீர் இன்று எவ்வளவோ ஆழத்தில் கிடக்கிறது என்று சுற்றுவட்டார விவசாயிகள் சொல்வார்கள். கதை அதோடு முடியவும் இல்லை. இறைத்த நீர் வாய்க்கால் வழியாகப் பரவனாற்றுக்கும் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. அதை நம்பி நெல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சென்னைக்குக் குடிக்கவும் அதில் ஒரு பங்கு. மேட்டு ஊர்க் கிணற்றை வற்றவைத்த சுரங்கமே பள்ளத்து ஊர் வயலுக்குத் தண்ணீர் விடுகிறது. நாளைக்கே சுரங்கத்தை மூடு என்று முழங்குகிற மேடையில் வாலாஜா ஏரிப் பாசனக்காரர் என்ன முகத்தோடு நிற்பார்? ஒரே ஊரில் இழந்தவரும் பெற்றவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். சூழலியலை எளிமையாகப் பேசுகிறவர்கள் இந்த மாவட்டத்துக்கு ஒரு முறை வந்து போகலாம்.

2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் கதிர்விடும் பருவத்தில் நின்ற நெல்லின் மேல் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. பரவனாற்று மாற்று வாய்க்காலுக்காக. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்றது நிறுவனம். எடுத்த நிலத்தில் இத்தனை காலம் உழவிட்டவர்களுக்கு இரண்டு மாதம் பொறுக்க முடியாதா என்பதுதான் ஊர் கேட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் ஏறக்குறைய அதையே கேட்டது. பயிருக்கு இழப்பீடாக ஏக்கருக்கு ₹40,000 தரச் சொன்னது. வயலில் இயந்திரங்கள் இறங்கிய இரண்டாம் நாள் நெய்வேலியில் பாட்டாளி மக்கள் கட்சியின் முற்றுகை கலவரமாக முடிந்தது. அன்புமணி ராமதாஸ் கைதானார்.

எல்லாருக்கும் தெரிந்த செய்தி இது. அதே வாரத்தில் நடந்த இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை. என்எல்சியின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டுக் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நிலம் போனவர்கள் ஒரு பக்கம், நிலத்துக்குப் பதில் நிரந்தர வேலை கிடைக்காதவர்கள் இன்னொரு பக்கம். இருவரில் பலர் ஒரே குடும்பத்தின் இரண்டு தலைமுறை. ஒரே நிறுவனத்தின் வாசலில், ஒரே வாரத்தில், இரண்டு பந்தல்கள். ஒரு பந்தலின் கொடியை மற்றப் பந்தல் ஏற்றவில்லை. செம்பச்சைக் கட்சி ஒன்று பிறந்திருக்க வேண்டிய வாரம் அதுதான் என்பது என் எண்ணம்.

ஜெர்மனி இங்கே பயன்படும், பெருமைக்காக அல்ல. அங்கேயும் பழுப்பு நிலக்கரிதான். அங்கேயும் அதே 2023தான். ஜனவரியில் லூட்சராத் என்ற சிற்றூரைக் கார்ட்ஸ்வைலர் சுரங்கத்துக்காகக் காலி செய்து இடித்தார்கள். அப்போது கூட்டாட்சியிலும் மாநில ஆட்சியிலும் பங்காளி யார் தெரியுமா? நான்கு தூண் நட்ட அதே பசுமைக் கட்சி. மேற்குப் பகுதியில் நிலக்கரியை 2030இலேயே நிறுத்துவதற்கு ஈடாக அந்த ஊரை விட்டுக்கொடுத்தோம் என்றார்கள். மரத்தின் மேல் குடியிருந்து போராடிய இளைஞர்கள் அதை மன்னிக்கவில்லை. ஆனால் அந்த நாட்டில் ஒன்று நடந்தது: சுரங்கச் சங்கத்தார், ஊரார், சூழலியலாளர், ஆலையார் எல்லாரும் ஒரு குழுவில் உட்கார்ந்து, 2019இல் கரியை நிறுத்த 2038 என்று ஓர் ஆண்டைக் குறித்தார்கள், கரி வட்டாரங்களுக்கு 40 பில்லியன் யூரோ என்று ஒரு தொகையையும் குறித்தார்கள். ஆண்டும் தொகையும் போதாதென்று சண்டை போடலாம். நெய்வேலிக்குச் சண்டை போடவும் ஓர் ஆண்டு குறிக்கப்படவில்லை. சோவியத் உதவியில் எழுந்த அந்த முதல் மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. என்எல்சி 1,000 மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின்சாரமும் எடுக்கிறது. ஆனால் அந்தத் தகடுகள் பெரும்பாலும் இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம். கரி வெட்டிய ஊருக்குப் பள்ளம், வெயில் வேறு ஊருக்கு.

கட்சிகளின் கைச்சரக்கைப் பார்ப்போம். பச்சை என்ற சொல்லைத் தமிழகத்தில் முதலில் பத்திரம் பதிந்தது பாமக. 1989இல் கட்சி, 1995இல் 'பசுமைத் தாயகம்'. ஆண்டுதோறும் நிழல் நிதிநிலை அறிக்கை, வேளாண்மைக்குத் தனி நிழல் அறிக்கை என்று வேறு கட்சிகள் செய்யாத வீட்டுப்பாடம் செய்கிறது. கட்சியின் வழிகாட்டிகளாக மார்க்ஸ், அம்பேத்கர், பெரியார் படங்கள். தாளில் பார்த்தால் இதைவிடச் செம்பச்சையான கட்சி உலகத்திலேயே இல்லை. தரையில்தான் சிக்கல். நெய்வேலி பற்றி அது பேசும்போது 'விவசாயி' என்றால் நிலமுள்ளவர். இம்மாவட்டத்தில் அவர் பெரும்பாலும் வன்னியர். கடலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காடு பட்டியல் சாதியினர். நடவும் அறுப்பும் அவர்கள் கையில், பட்டா அவர்கள் கையில் இல்லை. 1999 நாடாளுமன்றத் தேர்தலில் சிதம்பரம் தொகுதிச் சேரிகள் எரிந்ததை மறந்துவிட்டு இங்கே மண்ணின் உரிமை பேச முடியாது. என்எல்சியே வெளியேறு என்று 2023 மார்ச்சில் மாவட்டம் தழுவிய கடையடைப்பு நடத்திய கட்சி, 2024இல் அந்த நிறுவனத்தின் உரிமையாளரான மத்திய அரசை நடத்தும் பாஜகவோடு கூட்டணி வைத்துத்தான் கடலூரில் தங்கர் பச்சானை நிறுத்தியது. அவர் தோற்றார்.

விடுதலைச் சிறுத்தைகளுக்குச் சிதம்பரம் தலைமைத் தொகுதி. தொல். திருமாவளவன் 2009, 2019, 2024 என்று மூன்று முறை வென்றார்; 2019இல் பானைச் சின்னத்தில் 3,219 வாக்கு வித்தியாசம் மட்டுமே. நிலம் யாருக்கு என்ற கேள்வியை உடம்பில் வைத்திருக்கும் கட்சி அது. சூழல் தீங்கில் முதல் அடி வாங்குவது காலனித் தெருதான் என்பதும் அதற்குத் தெரியும். ஆயினும் அதன் நிலக்கொள்கையும் சூழல் பேச்சும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. 2005இல் தமிழ்ப் பாதுகாப்பு இயக்கத்துக்காக ராமதாசும் திருமாவளவனும் ஒரே மேடையில் ஏறினார்கள். உப்பனாற்றுக்காக அப்படியொரு மேடை எழவில்லை.

சிவப்புக் கட்சிகளிடம் சங்கம் உண்டு, விவசாயத் தொழிலாளர் அமைப்பு உண்டு, தடியடி வாங்கும் பழக்கமும் உண்டு. மார்க்சிஸ்ட் கட்சியின் கே. பாலகிருஷ்ணன் 2011 முதல் 2016 வரை சிதம்பரத்தின் சட்டமன்ற உறுப்பினர். ஆனால் ஆலை, அணை, அணு என்றால் அக்கட்சிகளுக்கு ஒரு தடுமாற்றம் உண்டு. கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு அணையைக் கட்சிக்காரர்கள் ஆதரித்தபோது, கட்சிக்கு நெருக்கமான சாஸ்திர சாகித்ய பரிஷத் எதிர்த்து நின்றது, வென்றது. கூடங்குளத்தில் கட்சி உலையை ஏற்றது, வி.எஸ். அச்சுதானந்தன் 2012இல் தனியாக இடிந்தகரைக்குப் புறப்பட்டு எல்லையில் தடுக்கப்பட்டார். நெய்வேலியில் அவர்கள் முழக்கம் நல்ல இழப்பீடு, வீட்டுக்கொரு வேலை. தவறில்லை. ஆனால் கரியில்தான் வேலை என்றால், கரி தீரும்போது வேலையும் தீரும்.

திராவிடக் கட்சிகளை விட்டுவிட முடியாது, ஏனென்றால் சட்டமாக மாறியது அவர்கள் கையில்தான். அதிமுக அரசு 2017இல் கடலூர், நாகை மாவட்டங்களின் 45 ஊர்களைப் பெட்ரோலிய வேதிப்பொருள் முதலீட்டு மண்டலம் என்று அறிவித்தது. அதே அரசு 2020இல் அதைத் திரும்பப் பெற்றுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இடையில் நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்கள், 2019இல் மரக்காணத்திலிருந்து இராமேசுவரம் வரை ஹைட்ரோகார்பனுக்கு எதிராக நின்ற மனிதச் சங்கிலி எல்லாம் நடந்தன. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய ஐந்து ஒன்றியங்கள் அந்த மண்டலத்தில் உள்ளன. 2023 மார்ச் இறுதியில் 'சேத்தியாத்தோப்பு கிழக்கு' என்ற பழுப்பு நிலக்கரித் தொகுதியை மத்திய அரசு ஏலப் பட்டியலில் வைத்தபோது, முதலமைச்சர் ஸ்டாலின் எழுதிய கடிதம் எளிதில் பலித்ததற்கு அந்தச் சட்டமும் காரணம். நல்ல சட்டம்தான். ஆனால் ஏற்கெனவே நடப்பவற்றை அது தொடுவதில்லை. நெற்பயிரைக் காக்கிறது, நெல் நடுபவளின் கூலியைப் பற்றி அதில் பேச்சில்லை.

பிச்சாவரத்தில் இதே சிக்கல் வேறு உருவில். சுரபுன்னைக் காட்டைக் காப்பது பச்சைக் கொள்கை. 2022இல் ராம்சர் தகுதியும் கிடைத்தது. பட்டுப்போன இடங்களில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டிக் கடல்நீரை உள்ளே விட்டு, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து மீட்டெடுத்தார்கள். அந்தக் காட்டுக்குள் இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களைக் காட்டின் எதிரியாகப் பார்த்த காலம் உண்டு. அதே கரையோரத்தில் 1990களில் இறால் பண்ணைகள் நிலத்தடி நீரை உப்பாக்கின. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரே இறால். ஒருவர் துழாவி எடுக்கிறார், இன்னொருவர் குளம் வெட்டி எடுக்கிறார். இரண்டையும் பிரித்தறியத் தெரியாத பச்சை வனக்காவலரோடு முடிந்துவிடும்.

ஆக, இம்மாவட்டத்தில் ஒரு செம்பச்சைக் கட்சி எழுந்தால் அதன் அறிக்கையில் முதல் பக்கம் எதற்கு? மரத்துக்கல்ல, காலநிலைக்கும் அல்ல. நிலமில்லாதவருக்கு. 2013ஆம் ஆண்டு மத்திய நிலம் எடுப்புச் சட்டம், மூன்றாண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலிக்காரரையும் குத்தகைக்காரரையும் பாதிக்கப்பட்டவர் என்றே ஏற்கிறது. தொழில்களுக்கு நிலம் எடுக்கும் 1997ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தை அதிலிருந்து விலக்கி வைக்கத்தான் தமிழக அரசு பாடுபட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் தடுத்ததும் புதிய சட்டம் போட்டு மீட்டது. 2021இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. இதை எதிர்த்து மாவட்டத்தில் ஒரு நாள் கடையடைப்புக்கூட நடக்கவில்லை. பயிர் அழிந்தால் ஏக்கருக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. அந்த ஏக்கரில் களை எடுத்துக்கொண்டிருந்த ஐந்து பெண்களுக்கு எத்தனை நாள் வேலை போனது என்று கணக்கெடுக்க எந்த அலுவலகத்திலும் பதிவேடு கிடையாது.

வாடைக் கணக்கு எழுதத் தெரிந்த மாவட்டம் இது. வளையமாதேவியில் அப்படியொரு நோட்டு, நாள், பெயர், கூலி, போன வேலை என்று நான்கு பத்தி போட்டு, யாராவது எழுதத் தொடங்கலாம். ஒப்பந்தத் தொழிலாளர் பந்தலிலும் அதே நோட்டில் மறுபக்கம் எழுத இடம் இருக்கும்.